மூங்கில் பாதையில் ஒரு கமரா

அடுப்புக்கு மேலிருந்த பரணில் கைவிட்டு, மூங்கிலிலிருந்து அவிழ்த்துப் பழைய சீலையில் சுற்றி வைத்திருந்த கமராவை ராக்கம்மா எடுத்தாள். பலகையில் வைத்தாளே தவிர, அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"முக்காட்டுல ஒரு முடி தெரியாம இழுத்து விட்டிருக்க, தங்கச்சி. நாங்க ஒதுங்குற எடத்துல இதக் கட்டிவைக்க ஒனக்கு எப்புடி மனசு வந்துச்சு?"

ஹிதாயாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சிறுத்தை ஆய்வுக் குழுவில் அவள் சம்பளமில்லாத தொண்டர்; எது கடந்தாலும் தானாகப் படமெடுக்கும் கமராக்களைக் காட்டுப் பாதைகளில் கட்டுவது வேலை. மடவளையிலிருந்து தெல்தெனியவுக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயம் வரை பஸ் மாறிமாறி வருகிறாள். மாத முடிவில் தொண்டர்களில் ஒருவரை உதவியாளராக எடுப்பார்கள். கமராவைத் தொலைத்தவளை எடுக்கமாட்டார்கள்.

"தோட்டத்து ஆப்பீஸ்ல கேட்டுத்தான் வெச்சேன் அக்கா. அந்தப் பக்கம் ஒருத்தரும் போறல்லன்டு சென்னாங்க."

"ஆம்பளைங்ககிட்ட கேட்டிருப்ப," என்றாள் வாசலில் நின்ற வேலாயி. "லயத்துக் கக்கூசு ஒடஞ்சு கெடக்குறதே அவங்களுக்குத் தெரியாது."

எங்கள் படங்களைக் கண்முன்னால் அழித்துவிட்டுக் கமராவைக் கொண்டுபோ என்றாள் ராக்கம்மா. குழுவின் விதியோ வேறு. ஒரு படத்தையும் அழிக்கக்கூடாது. வரிசை எண் விட்டுப்போனால் குழுத் தலைவர் ராஜரத்தினம் சேர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அந்தத் தொண்டரின் வேலையை அப்புறம் நம்பவும் மாட்டார்.

ஹிதாயா கமராவின் மெமரி கார்டை மடிக்கணினியில் போட்டாள். விடியல் வெளிச்சத்தில் மூங்கிலுக்கு நடுவே பெண்கள் வந்தார்கள், குந்தினார்கள், சீலையை உதறிக்கொண்டு போனார்கள்.

"இது நான் இல்ல. நான் இவ்வளவு குண்டா?" என்றாள் வேலாயி.

"நீயேதான். பேசாம பாரு."

அடுத்த படத்தில் பாதை வெறுமையாக இல்லை. அதே விடியல் வெளிச்சத்தில், அதே மூங்கிலடியில், சிறுத்தை ஒன்று தலையைத் தாழ்த்தி நடந்துகொண்டிருந்தது. இந்த மலைச்சரிவில் குழுவுக்கு இதுவரை சிக்காத படம்.

"நாம போற வரைக்கும் எங்கயோ மறைஞ்சு நின்னிருக்கு," என்றாள் ராக்கம்மா. "சிறுத்தப்புலிக்கு இருக்குற மரியாத மனுசருக்கு இல்ல." பிறகு, "அது ஒனக்கு. எங்கள அழி."

கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் இவர்களுக்குத் தெரியப்போவதில்லை. ஹிதாயாவின் விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போயிற்று. குழுவின் அலுவலகச் சுவரில் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பார்ப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். அவள் பெண்களின் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். வெளியே போய், சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் நின்று, சேருக்குப் போன் எடுத்தாள்.

பெண்களின் படங்களை அழித்ததைச் சொன்னாள்.

"விதி தெரியும்தானே, ஹிதாயா?"

"தெரியும் சேர்."

"கமராவ வேற இடத்துல கட்டுங்க. திங்கட்கிழமை என்னை வந்து பாருங்க."

சிறுத்தை ஏதும் சிக்கியதா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஓடைக்குக் கீழே, பெண்கள் போகாத ஒரு திருப்பத்தைக் காட்டினாள் ராக்கம்மா. ஹிதாயா ஒரு மரத்தில் முழங்கால் உயரத்தில் கமராவை இறுக்கிக் கட்டினாள். மிருகம் போல யாராவது நாலு காலில் கடந்துபோனால்தான் அது விழித்திருக்கிறதா என்று தெரியும் என்றாள்.

"தள்ளு, ஒன் உடுப்பு சேறாயிரும்," என்றாள் ராக்கம்மா.

சீலையைச் செருகிக்கொண்டு கைகளை ஊன்றினாள். ஈரச் சருகின்மேல் மெதுவாக, தலையைத் தாழ்த்தி அவள் தவழ, கமராவில் சிவப்பு விளக்கு மினுங்கியது. வேலாயிகூடச் சிரிக்கவில்லை. பாதி வழியில் ராக்கம்மா நின்றாள். முகத்தைத் திருப்பி, இமைக்காமல், கமராவை நேராகப் பார்த்தாள்.