இரண்டு உத்தரவு

ஆசிரியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கோட்பாடு மேடம்’. தலைமை ஆசிரியையாக இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பள்ளி நிர்வாகம் என்ற பாடத்தைப் பல வருடங்கள் நடத்தியவர் அவர். திட்டமிடுவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, பொறுப்பைக் கொடுக்கும்போது அதற்கான அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்குவார். அதில் அவருக்கு மிகவும் பிடித்தது கட்டளை ஒருமை. ஓர் ஊழியருக்கு ஒருவர்தான் உத்தரவு போட வேண்டும்.

“ஒரு வண்டிக்கு ரெண்டு ஸ்டியரிங் வெச்சா வண்டி எங்க போகும்?” என்று வகுப்பில் கேட்பார்.

“பள்ளத்துக்குப் போகும் மேடம்!” என்று மாணவர்கள் கத்துவார்கள். வருடா வருடம் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

பள்ளிக்கு வந்த பிறகுதான் அந்த வண்டியில் அவரே ஏறி உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

தாளாளர் கெட்டவர் அல்ல. வாடகைக் கொட்டகையில் பத்துப் பிள்ளைகளோடு தொடங்கி மூன்று தளக் கட்டடம் வரைக்கும் கொண்டுவந்தவர். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுவார். ஆனால் கையில் கைப்பேசி இருந்தால் போதும், பள்ளிக்கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார். கணக்கு டீச்சரைப் பாதி வகுப்பில் எழுப்பி விருந்தாளிக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்டச் சொல்வார். மேடம் ஒரு தேர்வைத் தள்ளி வைத்தால், அன்றே நடத்தும்படி நேராக ஆசிரியர்களுக்குச் செய்தி போகும். ஆசிரியர்கள் மேடத்தின் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கைப்பேசியைப் பார்ப்பார்கள், கடைசியில் கைப்பேசி சொன்னபடி செய்வார்கள்.

மேடம் இதை அவரிடமே எடுத்துச் சொன்னார். ஒரு தடவை அல்ல.

“எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க சார். நான் அவங்ககிட்ட சொல்லிக்கறேன். ரெண்டு பக்கமும் இழுத்தா அவங்க யார் பேச்சக் கேப்பாங்க?”

“நம்ம பள்ளிக்கூடம் குடும்பம் மாதிரி மேடம். குடும்பத்துல யார் சொன்னா என்ன?”

“குடும்பத்துலயும் சார், குழந்தைக்கு அம்மா ஒரு தடவ மருந்து குடுத்து, அது தெரியாம அப்பாவும் ஒரு தடவ குடுத்தா என்ன ஆகும்?”

தாளாளர் வாய்விட்டுச் சிரித்தார். “காலேஜுல நல்லாத்தான் பாடம் எடுத்திருக்கீங்க” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மேடத்தை எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்தியது மாடிப்படிதான். கட்டடத்தில் முதலில் இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. பின்பக்கப் படிக்கட்டை அடைத்துச் சுவர் எழுப்பிக் கணினி அறை ஆக்கிவிட்டார்கள். அதனால் மேல் மாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்பக்கம் இருந்த ஒரே குறுகலான படிதான். அடைத்ததைத் திறக்கச் சொன்னால், “வர்ற லீவுல பாத்துக்கலாம்” என்பது தாளாளரின் பதில். லீவு வரும், போகும். சுவர் அப்படியே நிற்கும்.

சுவரை இடிக்க முடியாதவர் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தார். பள்ளி விடும்போதும், வேறு எதற்காகப் பிள்ளைகளைக் கீழே இறக்கினாலும், பொது மணி கிடையாது என்று வைத்தார். முதலில் கீழ்த்தளம், பிறகு முதல் மாடி, கடைசியில் இரண்டாம் மாடி. படி திரும்பும் இடத்தில் விளையாட்டு மாஸ்டர் நிற்பார். அவர் விசில் ஊதினால்தான் அடுத்த மாடிப் பிள்ளைகள் வரிசையாக இறங்க வேண்டும். அந்த இடத்தைவிட்டு எதற்கும் நகரக் கூடாது என்று மாஸ்டரிடம் மேடம் சொல்லியிருந்தார். முதல் வாரம் ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம் தமிழ் டீச்சரே வந்து, “வீட்டுக்குக் கொஞ்சம் லேட்டாப் போறோம்தான் மேடம். ஆனா கத்தாம, தொண்டையோட போறோம்” என்றார்.

அந்தத் திங்கட்கிழமை தாளாளருக்கு முக்கியமான நாள். பக்கத்து ஊரில் புதுக் கிளை தொடங்க இடம் தர முன்வந்த குடும்பம் பள்ளியைப் பார்க்க வருவதாக இருந்தது. மாலைதான் வருவார்கள் என்றார்கள். மதியமே வந்து நின்றார்கள். மேடம் அப்போது இரண்டாம் மாடியில், புதிதாகச் சேர்ந்த டீச்சர் பாடம் நடத்துவதைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று பொது மணி அடித்தது. நீளமாக, நிற்காமல் அடித்தது. எல்லோரும் மைதானத்துக்கு வர வேண்டும் என்பதற்கான பழைய மணி அது.

மேடம் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் பக்கத்து வகுப்புகள் காலியாகிக்கொண்டிருந்தன. “நில்லுங்க! யாரும் இறங்காதீங்க!” என்று அவர் கத்தியது மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் மாடிப் பிள்ளைகள் மேலேயிருந்து இறங்க, முதல் மாடிப் பிள்ளைகள் பக்கவாட்டிலிருந்து நுழைய, படி திரும்பும் இடத்தில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டன. அங்கே யாரும் நிற்கவில்லை. மேலே இருந்தவர்களுக்குக் கீழே அடைத்துக்கொண்டது தெரியாது. தள்ளிக்கொண்டே இருந்தார்கள். யாரோ விழுந்தார்கள். அவர்மேல் இன்னொருவர். முதலில் சிரிப்புச் சத்தம் போலத்தான் கேட்டது. பிறகு அது அலறல் என்று தெரிந்தது.

மேடம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த சட்டைக் காலர்களை எல்லாம் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஒவ்வொரு பிள்ளையாகப் பிரித்து எடுத்தார்கள். பலருக்குச் சிராய்ப்பு, ஒரு பையனுக்குப் பல் உடைந்திருந்தது. எல்லோருக்கும் அடியில் நாலாம் வகுப்புச் சிறுமி கிடந்தாள். துறுதுறுவென்று ஓரிடத்தில் நிற்காதவள், அதனால் எல்லோருக்கும் ‘வாலு’. அவள் அழக்கூட இல்லை. அவளுடைய வலது கால் இடுப்பிலிருந்து வேறு திசையில் திரும்பியிருந்தது.

மாஸ்டர் வெளிவாசலிலிருந்து ஓடிவந்தார். அவர் கையில் விருந்தாளிகளுக்கு வாங்கிய பூங்கொத்து இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

வாலுவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் வளர வளர அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத்தான் இருக்கும் என்று மருத்துவர் தாயிடம் சொன்னார். தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர். புருஷன் இல்லை. மருத்துவர் சொன்னதைக் கேட்டு அவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

மறுநாள் தாளாளர் மேடத்தின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். நடிப்பல்ல, நிஜமான அழுகை. மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு அவர் குரல் மாறியது.

“விசாரணைக்குக் கல்வி அதிகாரி வர்றார். நீங்க பொய் சொல்ல வேண்டாம் மேடம். மாஸ்டர நீங்க அந்த இடத்துல நிக்கச் சொன்னீங்க. அவன் நிக்கல. இது உண்மைதானே?”

“உண்மைதான் சார்.”

“அத மட்டும் சொல்லுங்க. போதும்.”

“நீங்க போன் பண்ணி அவர வாசல் கேட்டுக்குக் கூப்பிட்டீங்க. மணி அடிக்கச் சொன்னதும் நீங்கதான்.”

“கூப்பிட்டேன். கூப்பிட்டா வந்துடறதா? அத்தன புள்ளைங்கள விட்டுட்டு?”

அந்த மனிதர் அதை முழு மனதோடு நம்பித்தான் கேட்டார்.

அன்று வீட்டில் மேடம் சாப்பிடவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கணவர் எதிரில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

“எல்லாத்தையும் சொன்னா உன்ன வெச்சிருக்க மாட்டார்.”

“தெரியும்.”

“பாதிய மட்டும் சொன்னா?”

“மாஸ்டர் தலை உருளும். அப்புறம் நான் தினம் அந்தப் படியிலதான் ஏறணும், இறங்கணும்.”

கணவர் தட்டை எடுத்து மூடி வைத்தார். “அப்ப ஏற்கெனவே முடிவு பண்ணிட்ட. எங்கிட்ட எதுக்குச் சொல்ற?” என்றார். கோபமில்லை. பயம்தான்.

மறுநாள் மேடம் விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனார். மாஸ்டர் ஒரு பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பந்து கல்லாகிவிட்டது, அவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், நடந்தத அப்படியே சொல்லப் போறேன். உங்க மேல தப்பில்லன்னு சொல்லுவேன். நீங்களும் உள்ளதச் சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா ஒண்ணும் பண்ண முடியாது.”

மாஸ்டர் நிமிராமல், “சரிங்க மேடம்” என்றார்.

கல்வி அதிகாரி கணினி அறையில் உட்கார்ந்து விசாரித்தார். மேடம் அடைத்த படிக்கட்டிலிருந்து தொடங்கினார். தான் போட்ட ஏற்பாடு, அதற்கு மேல் வந்த உத்தரவு, மணி, எதையும் விடவில்லை. தாளாளர் ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்து, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். அந்த அமைதி மேடத்துக்குப் பிடிக்கவில்லை.

அதிகாரி மாஸ்டரைக் கூப்பிட்டார். “உங்கள யார் கேட்டுக்குக் கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடல சார். நானாத்தான் போனேன்.”

“எதுக்கு?”

“அந்த நேரத்துல படியில ட்யூட்டி இல்லன்னு மேடம் சொன்னதா நெனச்சேன் சார்.”

அடுத்து மணி அடிக்கும் பியூன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “பெரிய மேடம் சொன்னதா ஞாபகம்” என்றார். இரண்டு தடவை கேட்டும் அதையே சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடினார். “ஏற்பாடு போட்டது நீங்க. ஆள நிறுத்துனது நீங்க. பொறுப்பு உங்களோடதுதானே மேடம்?”

பொறுப்பைக் கொடுத்தால் அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும் என்பதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அன்று அந்த அறையில் அது நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது. சொன்னால், தப்பிக்கப் பார்க்கிறாள் என்பார்கள். சொல்லாவிட்டால், ஒப்புக்கொண்டாள் என்பார்கள். மேடம், “நான் சொன்னதுதான் சார் நடந்தது” என்று மட்டும் திரும்பச் சொன்னார். அவர் காதுக்கே அது வலுவில்லாமல் கேட்டது.

வெளியே நடையில் மாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார்.

“தாளாளர் என்னப் புதுக் கிளைக்குப் போட்டுடறேன்னு சொல்லியிருக்கார் மேடம். இல்லன்னா போலீஸ் கேஸுல என் பேரத்தான் குடுப்பேன்னார். என் பொண்ணும் இங்கதான் படிக்குது. நான் என்ன பண்ணுவேன்?”

“எங்கிட்ட சரின்னு சொன்னீங்களே மாஸ்டர்.”

“நீங்க சொன்னதுக்கும் சரின்னேன். அவர் சொன்னதுக்கும் சரின்னேன். எனக்கு ரெண்டு பேரும் உத்தரவு போட்டீங்க மேடம். யார் என்னத் தூக்கி வெளிய போட முடியுமோ அவர் சொன்னதச் செஞ்சேன். அன்னிக்கும் அப்படித்தான். இன்னிக்கும் அப்படித்தான்.”

அவர் கண்ணில் நீர் திரண்டிருந்தது. மேடத்துக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, தோளைத் தொட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் இறங்கிப் போனார்.

அந்த வார முடிவில் மேடத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். கவனக்குறைவு என்று காரணம் சொன்னார்கள். ஆசிரியர்கள் யாரும் வழியனுப்ப வரவில்லை. தமிழ் டீச்சர் மட்டும் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தி, பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

மேடம் வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனார். வாலு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தாய் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே இவரைப் பார்த்தார்.

“மணி அடிக்கச் சொன்னது நீங்கதான்னு சொல்றாங்களே?”

“நான் சொல்லலம்மா.” மேடம் நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னார். அவர் அந்த வாரம் அதைச் சொன்ன மூன்றாவது ஆள் இந்தத் தாய்.

தாய் கேட்டு முடித்தார். “அப்ப அந்தப் படி ஆபத்துன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும். அதனாலதான் நான்...”

“தெரிஞ்சும் என் புள்ளைய ஏன் மேல ஏத்துனீங்க?”

மேடத்திடம் பதில் இருந்தது. எத்தனை தடவை கேட்டார், என்ன ஏற்பாடு செய்தார் என்று. அந்தக் காலைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவர் உடைந்து அழுதார். தாய் தடுக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

அழுகை அடங்கிய பிறகு தாய் கேட்டார். “நான் போலீஸுக்குப் போகப் போறேன். அங்க வந்து இதையே சொல்வீங்களா?”

“சொல்வேன்.”

“உங்களையே பிடிச்சு உள்ள வெச்சாலும்?”

மேடத்துக்குக் கணவரின் முகம் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் தயங்கித்தான், “சொல்வேன்” என்றார். யாராவது நம்புவார்கள் என்ற எண்ணம் அவருக்கு இல்லை.

தாய் கட்டிலுக்கு அடியிலிருந்து அழுக்குத் துணி வாளியை இழுத்தார். “நான் அலசிட்டு வர்றேன். இவ தூக்கத்துல புரளுவா. கால அசைய விட்றாதீங்க.”

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் வாலு முனகிக்கொண்டு புரளப் பார்த்தாள். மேடம் இரண்டு கையாலும் அவள் இடுப்பை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். சிறுமி கண் திறந்து, யார் என்று புரியாமல் பார்த்து, “விடுங்க, வலிக்குது” என்றாள்.

“தெரியும்டா” என்றார் மேடம். ஆனால் கையை எடுக்கவில்லை.