சித்திரை வீதியில் சக்கரமில்லாத கார்

நவநீதன் குட்டியானை வேனில் கயிற்றோடு வந்து இறங்கியபோது எங்கள் காரின் வலது முன்சக்கரம் மட்டும்தான் கழன்றிருந்தது. துறையூரில் பழைய கார்களை வாங்கி உடைத்து விற்கிறவர் அவர். எங்கள் காரை எடுத்துப்போக அடுத்த வாரம் வருவதாகப் பேச்சு. மாமாதான் போன் போட்டு இன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்.

"அந்த வீலை மாட்டுங்க பாப்பா. கட்டி இழுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

வெளி ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. என் சிநேகிதி ஜீனத்தான் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டி, "வேலை நடக்குதுங்க" என்றாள். அவளுடைய அத்தாவுக்குப் பாலக்கரையில் ஒர்க்‌ஷாப். அங்கே அவளை ஸ்பானரைத் தொட விடமாட்டார்கள். பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டவள்.

அப்பா ஓட்டிய கார் அது. அவர் போனபிறகு வாசலிலேயே நின்றது. லைசென்ஸ் வாங்கியதும், தொட்டியம் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போகும் மாலினி டீச்சரிடம், "நான் காரில் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன். நானாகப் போய் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நடை ஏறிப் பார்த்துவிட்டு, "இடுப்பு கழண்டுடும் போலிருக்கேம்மா. குலுக்கலைச் சரி பண்ணு. திங்கட்கிழமையிலேந்து நாங்க மூணு டீச்சரும் வரோம்" என்றார். முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப்போயிருந்தன. புதுசு இரண்டு வாங்கி வைத்திருந்தேன்; அதை மாட்டத்தான் கழற்றிக்கொண்டிருந்தோம். இன்றைக்குச் சனிக்கிழமை.

அம்மாவின் அண்ணா சடகோபன் மாமா வாசலுக்கு வந்தார். எங்கள் வீட்டில் எதுவானாலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

"பவித்ரா, சக்கரத்தை மாட்டு. சாயங்காலம் பெருமாள் புறப்பாடு. ஆறு மணிக்குள்ள வீதி காலியா இருக்கணும்."

"முடிச்சதும் எடுத்துடறேன் மாமா."

"நீ எதைடி முடிச்சிருக்கே? பதினொண்ணாவதைப் பாதில விட்டே. தையல் கிளாஸைப் பாதில விட்டே. ஸ்கூலை விட்டவ டீச்சர்களுக்கு டிரைவராம்."

நவநீதன் சிரித்தார். அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு, "உள்ள வாங்கோ, காபி சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

ஜாக்கியை இடது பக்கம் இழுத்துப் போட்டேன்.

"என்னடி பண்றே?" என்றாள் ஜீனத்.

"ரெண்டு பக்கமும் ஷாக் இல்லேன்னா சக்கரம் நிக்காதுல்ல?"

அவள் எழுந்து இடது பக்கம் வந்தாள். பிறகு ஸ்டாண்டை எடுத்து அடியில் முட்டுக்கொடுத்தாள். சக்கரம் சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஷாக்கைப் பிடித்திருந்த போல்ட்டுதான் துருவேறி அசையமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, ஸ்பானரில் பைப்பைச் செருகி, இருவரும் தொங்கினோம். உள்ளே அம்மா இரண்டாவது டிகாஷன் போடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் எடுத்து அவள் காபி போட்டு நான் பார்த்ததில்லை.

அவர்கள் வெளியே வந்தபோது இரண்டு பழைய ஷாக்கும் தரையில் கிடந்தன.

"இப்ப இழுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.

நவநீதன் குனிந்து பார்த்தார். "இது நகராதுங்க சார். நான் நாளைக்கு வரேன்."

அவர் போனதும் மாமா நிதானமாகச் சொன்னார். "ஆறு மணிக்கு இது இங்க நின்னா போலீஸ் கிரேன் வரும். அப்படியே துறையூருக்கு ஏத்திடுவேன். அப்புறம் அழாதே."

அப்போது மணி இரண்டு.

"நல்லா வீராப்பு பேசுனே" என்றாள் ஜீனத். "ஒரு பக்கத்தைப் பாத்து இன்னொண்ணை மாட்டலாம்னு இருந்தோம். இப்ப எதைப் பாத்து மாட்டறது?"

ஒர்க்‌ஷாப்பிலிருந்து கேட்டு வாங்கிவந்த கிளாம்ப்பால் ஷாக்கைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கினோம். தெறித்தால் கை போய்விடும். ஜீனத் அரைச்சுற்று, நான் அரைச்சுற்று என்று மாறி மாறித் திருகினோம். நான்கு மணிக்கு ஒரு பக்கம் மாட்டிவிட்டுப் பார்த்தால், பிரேக் குழாயைப் பிடிக்கிற கொக்கி பின்பக்கம் பார்த்து நிற்கிறது. காருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு எங்கள் வலதுகைப் பக்கத்தை வண்டியின் வலது என்று நினைத்து ஷாக்கை மாற்றி மாட்டிவிட்டோம்.

"குழாயைக் கொஞ்சம் இழுத்துக் கட்டிடலாமா?" என்றாள். அவளுக்கும் கை ஓய்ந்திருந்தது.

"திங்கட்கிழமை மூணு பேர் உக்காருவாங்கடி."

கழற்றினோம்.

ஐந்து மணிக்கு வீதியில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு ரெங்கம்மாள் மாமி கோலப்பொடியோடு காரைச் சுற்றிவந்து, "பெருமாள் இதைத் தாண்டியா எழுந்தருளணும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நான் நிமிரவில்லை. இடதை இடதில், வலதை வலதில். கடைசி நட்டை, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி அதன் கனம் சக்கரத்தில் உட்கார்ந்தபிறகுதான் முறுக்கினோம். மணி ஐந்தே முக்கால்.

மாமா கையை நீட்டினார். "சாவியைக் கொடு. கூட்டம் வந்துண்டிருக்கு, நான் அடுத்த தெருவுல கொண்டுபோய் நிறுத்தறேன்."

நான் கதவைத் திறந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் ஜீனத் கிரீஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பின்னாடி ஏறுங்க மாமா."

வீதியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கோலத்தைப் பார்த்தாள். பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் முதல் கியரைப் போட்டேன்.

வீதி முனையில் வேகத்தடை. மாமா சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்சதூரம் போனதும், "நிறுத்தற இடம் தாண்டிடுத்தேடி" என்றார்.

"தெரியும் மாமா" என்றேன்.