முறைத் தண்ணீர்

அவர்கள் காட்டுக்கு முறை வைத்து விடும் தண்ணீர் மடைக்கு வந்தபோது, ரத்தினசாமி சொல்லிக்கொண்டிருந்த பயணக் கதை ஆல்ப்ஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருதாத்தாள் மம்பட்டியோடு வரப்பில் நின்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கொழிஞ்சாம்பாறையிலிருந்து சைக்கிளிலேயே ஐரோப்பாவுக்குக் கிளம்பினான் அவள் புருசன் ரத்தினசாமி. பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். எதைப் பார்க்க என்று சொல்லவில்லை. போன வாரம்தான் திரும்பினான். வந்ததிலிருந்து தினமும் காலையில் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விடுகிறான். மறுபடியும் போவானா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். கேட்க வாய் வரவில்லை.

"இந்த மலையத் தாண்டிப் போனா, ஹாலந்துல நெறைய ஊரு கடல் மட்டத்துக்குக் கீழ இருக்குதுங்க மாமா. தண்ணிய வெளிய எறைச்சுத்தான் வெள்ளாமை பண்றாங்க."

"வெளியவா?" என்றார் பக்கத்துக் காட்டு நஞ்சப்பன். "அட கெரகமே! அதைய இந்தப் பக்கம் திருப்பியுடச் சொல்லிட்டு வந்திருக்கலாமல்ல மாப்ளே?"

மரத்தடி சிரித்தது. மருதாத்தாளுக்கும் சிரிப்பு வந்தது. எந்த மலையில் எந்தப் பக்கம் காற்றடித்தது என்று கையை வளைத்துக் காட்டுகிறவன், தங்கள் காடு வெள்ளாமையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டது. அவள் அவனைக் கூப்பிடவில்லை. சேற்றை அள்ளி அடைத்தாள். அவனாகவே எழுந்து வந்து மம்பட்டியை வாங்கினான். மேற்கே ஓங்கினான்.

"அங்க வெட்டாதீங்க. அந்த வாய்க்கால மூடிட்டனுங்க."

"எப்ப?"

"போன கோடையில. ஒத்தையாளாப் பாக்க முடியல. மேக்காலக் காட்டைத் தரிசாப் போட்டுட்டேன்."

அவன் அந்தப் பக்கம் பார்த்தான். தானாக முளைத்த கொளுஞ்சிச் செடி இடுப்பளவு நின்றது.

"அப்ப எந்தப் பக்கம் புள்ள திருப்பறது?"

"சொல்றனுங்க. அடுத்த மொறத் தண்ணிக்கு இருப்பீங்களா?"

அவன் மம்பட்டிக் காம்பைக் கை மாற்றிப் பிடித்தான்.

"மாப்ளே, மலையெறங்குனயா இல்லியா?" மரத்தடியிலிருந்து நஞ்சப்பன் கத்தினார்.

தண்ணீர் நிற்காது. மருதாத்தாள் கடலைக்காட்டைக் கை நீட்டிக் காட்டினாள். அவன் வாய்க்காலில் இறங்கி வெட்டினான். நுரையும் சருகுமாக வந்த தண்ணீர் வெடித்த மண்ணில் சத்தத்தோடு இறங்கியது. முதல் பாத்தி நிறைந்தது. அடுத்து எதை வெட்டுவதென்று தெரியாமல் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்து நின்றான். தண்ணீர் வரப்பின் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.