ஒரு அறை நிறைய அட்டைப்பெட்டி

எங்கள் வீட்டில் ஒரு ஹால், இரண்டு படுக்கையறை. ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் மகளும் நெருக்கியடித்துத் தூங்குகிறோம். இன்னொன்றில் அட்டைப்பெட்டிகள் சௌகரியமாகக் குடியிருக்கின்றன. வாடகை மட்டும் நாங்கள் கொடுக்கிறோம்.

டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, ரைஸ் குக்கர் பெட்டி, ஃபேன் பெட்டி, அயர்ன் பாக்ஸுக்கு ஒரு பெட்டி. வெறும் பெட்டி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருந்த தெர்மாகோல், சுற்றியிருந்த பாலித்தீன், கட்டியிருந்த கயிறு எல்லாமே பத்திரம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் மேலே ஏற்றிக் கீழே இறக்குவதுதான் அவர் பிழைப்பு. ஒரு காலிப் பெட்டியைக் கீழே கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்றால் மட்டும் அவருக்குக் கை வராது.

"நம்ம ஊருக்குத் திரும்பிப் போறப்ப வேணும்ல? ஒரிஜினல் பெட்டி மாதிரி வருமா?" என்பார்.

மெத்தையில் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிபடவில்லை. யார் புரண்டு படுத்தாலும் சரக் சரக் என்று மூன்று பேருக்கும் விழிப்பு வரும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, போகும்போது அடைத்துக் கொடுக்கணும் என்பதால் எங்கள் கல்யாணப் போட்டோ ஃப்ரிட்ஜ் தலையில் சாய்ந்து நிற்கிறது. கதவை வேகமாகச் சாத்தினால் நாங்கள் இருவரும் குப்புற விழுவோம்.

ஊரிலிருந்து இவருடைய அக்கா போன் செய்து, "எப்பப்பா வர்றீங்க?" என்று கேட்பாள். "அடுத்த வருஷம்க்கா" என்பார் இவர். அந்த அடுத்த வருஷம் வருஷா வருஷம் தள்ளிக்கொண்டே போகிறது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற நான் அந்த அடுத்த வருஷம் வரவே வேண்டாம் என்று வேண்டிக்கொள்வேன். மொழி தெரியாமல் வந்திறங்கிய இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆல்டரேஷன் கடையில் ஜன்னலோரமாக ஒரு தையல் மெஷினை என்னுடையது என்று கொடுத்திருக்கிறார்கள். இடுப்புப் பிடிக்கவும் கால் நீளம் குறைக்கவும் என்னைத்தான் கேட்டு வருகிறார்கள். மகளுக்கு நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், கூடவே திரிய ஒரு கூட்டம். ஆனாலும் இங்கேயே இருந்துவிடலாம் என்று வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் மனுஷன் எங்களுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாரே என்று பயம்.

சமையலறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று, வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியிருந்தேன். கீழ்வீட்டில்தான் இருக்கிறார். ஒருநாள் மேலே வந்து குழாயைப் பார்த்தார். ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க அடுத்த அறைக் கதவைத் திறந்தார். கூரை முட்டப் பெட்டிகள். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்படியே கீழே இறங்கிப் போய்விட்டார். குப்பையாக வைத்திருக்கிறேன் என்று முகம் சுளிக்கிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், எங்கள் வாசலில் ஒரு இளம் தம்பதி. அவன் கையில் அளவு டேப்.

"நீங்கள் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறீர்களாமே? கட்டில் உள்ளே நுழையுமா என்று பார்க்க வந்தோம்" என்றாள் அந்தப் பெண், சிரித்த முகமாக.

கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்று சைகை காட்டி அவர்களை அனுப்பினேன். இந்தப் பகுதியில் ஒரு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இது போனால் கடை தூரம், பள்ளிக்கூடம் தூரம். அதைவிட, இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிவெடுத்துவிட்டாரே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

டூல்ஸ் பையோடு உள்ளே வந்தவரை உட்காரக்கூட விடவில்லை.

"வீட்டைக் காலி பண்றோம்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லத் தெரியுது, பொண்டாட்டிகிட்ட சொல்லத் தெரியலையா?"

"யாரு காலி பண்றா?"

"நடிக்காதீங்க! கட்டிலுக்கு அளவெடுக்க ஆள் வந்தாச்சு."

"நான் எதுக்குடி சொல்லப் போறேன்? போன வாரந்தான் வேலையை நிரந்தரமாக்கித் தர்றோம், இருக்கியான்னு கேட்டாங்க. வீட்ல கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன். உன்கிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருக்கேன்."

"எங்கிட்ட என்ன கேக்கணும்? உங்களுக்குத்தானே இங்க ஒட்டல? பெட்டியக் கட்டிக்கிட்டு அழறது நீங்கதானே?"

அவர் பையைக் கீழே வைத்தார். "அது உனக்காக."

"எனக்காகவா?"

"வந்த புதுசுல தினம் சாயங்காலம் ஜன்னல்கிட்ட நின்னு அழுவ. 'என்னைக் கொண்டுபோய் விட்ருங்க'ன்னுவ. பெட்டியெல்லாம் அப்படியேதான் இருக்கு, நீ சொன்ன மறுநாளே கட்டிடலாம்னு நான்தான் சொன்னேன். அன்னிக்குத்தான் நீ ஒழுங்கா சாப்பிட்ட. அதான் ஒண்ணையும் தூக்கிப் போடல."

எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி கேலி பேசிய பெட்டிகள் எல்லாம் எனக்காகவா நின்றன?

"நான் அழுகையை நிறுத்தி எத்தனை காலம் ஆச்சு. அதைக் கவனிக்கலையா?"

"கவனிச்சேன். எனக்குத் தெரியாம அழறியோன்னு நினைச்சேன்."

இந்த மனுஷனை என்ன செய்வது?

ஜன்னலில் நின்ற மகள் கத்தினாள். "ரெண்டு பேரும் அப்புறம் கொஞ்சிக்கோங்க! டேப் வச்சிருந்த அண்ணன் வீட்டுக்காரம்மா வீட்டுக்குள்ள போறாரு!"

மூவரும் விழுந்தடித்து ஓடினோம். தம்பதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்கள் மொழி கேட்டால் புரியும், பேச்சு இடுப்பு, கால் நீளம் வரைதான் சரளம். மகள் எடுத்துச் சொன்னாள்.

"நாங்கள் காலி செய்யவில்லை."

"பிறகு எதற்கு அத்தனை பெட்டி கட்டியிருக்கிறீர்கள்?"

"கட்டவில்லை. எல்லாம் காலி. அது டிவி பெட்டி."

"டிவி எங்கே?"

"ஹாலில்."

"பிறகு பெட்டி எதற்கு?"

"போகும்போது டிவியை வைக்க."

"எப்போது போகிறீர்கள்?"

"போகவில்லை."

வீட்டுக்காரம்மா கண்ணாடியை மறுபடி கழற்றிவிட்டார். மகள் என் பக்கம் திரும்பி, "அம்மா, இதுக்கு மேல எனக்கே புரியல" என்றாள்.

வீட்டுக்காரம்மா எழுந்து மாடிக்கு வந்தார். தம்பதியும் பின்னாலேயே வந்தார்கள். பெரிய பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பெட்டி. அதற்குள் ஒன்று. அதற்குள் அயர்ன் பாக்ஸ் பெட்டி. அதற்குள் தெர்மாகோல். அவ்வளவு நேரம் இறுகியிருந்த முகம் உடைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு மாத முன்னறிவிப்புகூடக் கொடுக்காமல் ஓடப் பார்க்கிறீர்கள் என்று எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? நல்ல குடித்தனம் கைவிட்டுப் போகிறதே என்று வருத்தம் வேறு. இருங்கள், இருங்கள்" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அந்தத் தம்பதியைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. பின்கட்டில் ஒரு போர்ஷன் காலியாகப் போகிறது, அதைக் காட்டுகிறேன் என்று வீட்டுக்காரம்மா அவர்களைக் கூட்டிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை இவர் கத்தியை எடுத்துப் பெட்டிகளைக் கிழித்துத் தட்டையாக்கினார். மகள் கூட நின்று மிதித்தாள். நான் மெத்தை உறையை உரித்தெறிந்தேன். டிவி பெட்டி வந்தபோது அவர் கொஞ்சம் தயங்கினார். நான் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். கிழித்தார். மிக்ஸி பெட்டி மட்டும் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். வாரண்டி இருக்கிறதாம். தொலைகிறது என்று விட்டேன்.

காலியான அறையில் மகள் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்து உருண்டாள். இவர் ஹால் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்காதான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எப்பப்பா வர்றீங்க?"

சுத்தியலைக் கையில் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்தார். நான் போட்டோவை நீட்டினேன்.

"ஸ்கூல் லீவு விட்டதும் வர்றோம்க்கா" என்றார். "பத்து நாள் இருந்துட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவோம்."