தாலி கட்டிய நேரம் 7.50

வேல்விழியின் கல்யாண ஆல்பத்தோடு ஸ்டுடியோக்காரர் கொடுத்த சி.டி. எட்டு மாதமாக பீரோவில் சும்மா கிடந்தது. அப்படியே கிடந்திருந்தால் ஒரு குடி பிழைத்திருக்கும். 2008 சித்திரையில் வேல்விழியின் கொழுந்தன் தமிழ்மாறன் சின்னமனூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்தான். வினை அங்கேதான் பிடித்தது. ஒவ்வொரு போட்டோவுக்குள்ளும் அதை எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டு வந்தவன், தாலி கட்டும் படத்தைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து வீட்டாருக்குக் காட்டினான். காலை 7.50. அன்றைக்குத் திங்கட்கிழமை. ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம்.

மாமியார் சோணையம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூத்த மகன், வேல்விழியின் புருஷன் சூரியபிரகாஷ் பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது, திராட்சை பூவெடுக்கிற நேரத்தில் மழை கொட்டியது, வேல்விழிக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது, எல்லாவற்றுக்கும் அந்த 7.50 தான் காரணம். முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல் என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தது. மேடைக்கு முன்னால் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் தன் கண்ணால் பார்த்தது நினைவில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். மேடையில் நின்று அவசரப்படுத்தியது பெண்ணைப் பெற்ற மலைச்சாமிதான் என்பது மட்டும் அத்தனை பேருக்கும் நன்றாக நினைவிருந்தது.

சோசியர் பரிகாரம் சொன்னார். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் மறுதாலி கட்டினால் நேரத்தின் தோஷம் கழிந்துவிடுமாம். சோணையம்மாள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் முன்னால் மலைச்சாமி தன் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவரை வேல்விழி பண்ணைப்புரத்தில் அப்பன் வீட்டிலேயே இருக்கட்டும்.

மலைச்சாமி தயாராகத்தான் இருந்தார். மகள் வாழ்ந்தால் போதும், நாலு பேர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்றார். வேல்விழிதான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு வாட்ச்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பது தாண்டும்வரை யாரையும் தாலியைத் தொடவிடாதவர் அவர். அதற்குப் பிறகுதான் அவசரப்படுத்தினார். செய்யாத தப்புக்கு அவர் எதற்குத் தலை குனிய வேண்டும்?

மறுநாளே தேனிக்கு பஸ் ஏறி, போட்டோ எடுத்த பொன்னுராஜைப் பிடித்தாள். கேமராவைத் தட்டிப் பார்த்தவருக்கு முகம் செத்துப்போனது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை, கேமராவில் பத்து. துபாயிலிருந்து தம்பி ஜோஷ்வா வாங்கி வந்த கேமரா அது. அங்கே வைத்த மணியை இங்கே யாரும் மாற்றவே இல்லை. அச்சில் நேரம் விழாது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாராம்.

அவரைக் கையோடு சின்னமனூருக்கு, மாமியார் வீட்டுக்கே கூட்டி வந்தாள். துபாய் மணி நம் மணிக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்று பொன்னுராஜ் கேமராவைக் காட்டி விளக்கினார். சூரியபிரகாஷ் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தான். 9.20. நல்ல முகூர்த்தம்.

"எங்கப்பா ஒரு தப்பும் செய்யல அத்தை," என்றாள் வேல்விழி. அந்த வீட்டுக்குள் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மனசு நிறைந்திருந்தது அவளுக்கு.

சோணையம்மாள் கேமரா பக்கம் திரும்பவே இல்லை. மருமகளைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

"அவுக மேல தப்பில்லத்தா. நேரமும் நல்ல நேரந்தான். அப்ப இத்தனையும் ஒன் ராசியாலதான வந்திருக்கு? அதுக்கு எந்தக் கோயில்ல போயி பரிகாரம் செய்ய?"

நேரத்தின் மேல் கிடந்த பழியைத் தேனி வரை போய்த் துடைத்துவிட்டு வந்தவள் அவளேதான். துடைத்த பழி எங்கே போய் உட்காரும் என்று அவள் யோசிக்கவில்லை. புருஷன் ஒரு வார்த்தை சொல்வான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

சூரியபிரகாஷ் கேமராவைப் பொன்னுராஜிடம் திருப்பிக் கொடுத்தான்.

"பண்ணைப்புரத்துக்கு நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு," என்றான் அவளைப் பார்க்காமல்.