யார் முதலில் சொல்கிறாரோ

எனக்குப் பொறுமை கிடையாது. அப்படிப்பட்டவள் எப்படி இருநூறு பக்கத்துக்கு விளையாட்டு விதி எழுதினேன் என்பது எனக்கே விளங்காத விஷயம்.

விளையாட்டின் பெயர் நீரிணை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் மீட்புப் படகின் மாலுமிகளாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குத்தான் காற்றுக்கு ஓர் அட்டவணை, கயிறு அறுவதற்கு ஓர் அட்டவணை, மாலுமிக்குத் தலை சுற்றினால் அதற்கும் ஒன்று. போதாததற்கு, ஆபத்து நேரத்தில் ஒவ்வொருவரும் முறை வைத்துத்தான் பேச வேண்டும், ஒருவர் முறையில் மற்றவர் மூச்சு விடக்கூடாது என்று நான்கு பக்கம்.

எங்கள் ஊர் தெப்ராவில், மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் விளையாட்டுக் கடை வைத்திருக்கும் அக்பர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அலமாக்! யாரு அக்கா இதெல்லாம் படிப்பாங்க? ஒரே பக்கத்துல கொண்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆடிப் பாப்போம். நல்லா ஓடுச்சின்னா நானே அச்சடிக்கிறேன் லா."

சிங்கப்பூர் வேலைக்குப் போகிற பஸ் எல்லைப் பாலத்து நெரிசலில் நிற்க நிற்க, நான் விதிகளை வெட்டிக்கொண்டே வந்தேன். வெட்ட வெட்ட உடம்பு லேசானது. கடைசியில் மிஞ்சியது ஒரே விதி: யார் முதலில் சொல்கிறாரோ, அவர் சொன்னதே நடக்கும். தன் மாலுமிக்கு மட்டுமில்லை, யாருடைய மாலுமிக்கும்.

என் கணவர் ஹேமாவுக்கு, அதாவது ஹேமநாதனுக்கு, முறை வைத்துப் பேசும் அந்த நான்கு பக்கம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் அவர் வாயிலிருந்து வருவது 'ம்' மட்டும்தான். விளையாட்டு மேசையில் அவர் முறை வரும்போதுதான், நீண்ட நேரம் யோசித்துவிட்டு, முழு வாக்கியமாகப் பேசுவார். அதைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் நீரிணை அச்சில் வர வேண்டுமே. அவர் சமாளித்துக்கொள்வார் என்று நானே முடிவு கட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் நால்வரும் உட்கார்ந்தோம். நான்காவது ஆள் நிலோபர், என் தோழி. பாலர் பள்ளி ஆசிரியை, வாயாடி.

"இயந்திர அறையில தீ. கதவு மூடியிருக்கு. உள்ள ஒருத்தன் மாட்டிக்கிட்டான்" என்று கதையைத் தொடங்கினேன்.

"நான் தண்ணி பம்ப்ப ஓட விடறேன்!" என்றாள் நிலோபர்.

"நான் படகத் திருப்பறேன்!" என்றான் அக்பர்.

ஹேமா நிமிர்ந்தார். "நான்..."

"ஹேமா அண்ணே கதவ ஒடைச்சிட்டு உள்ள போறாரு!" நிலோபர் எழுந்தே நின்றுவிட்டாள். "அவனத் தூக்கி வெளிய தள்றாரு! அண்ணே மட்டும்... வெளிய வரல."

எனக்கே கண் கலங்கிவிட்டது. அக்பர் மேசையைத் தட்டினான். எல்லோரும் கைதட்டினோம், ஹேமாவும் தட்டினார். பிறகு, "தே வாங்கிட்டு வரேன்" என்று கீழே இறங்கினார்.

தேநீர் வரவில்லை. நிலோபர் இன்னொரு ஆட்டம் கேட்டாள், அக்பர் மேலட்டைக்கு என்ன நிறம் என்று கேட்டான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழே போய்ப் பார்த்தால் மனுஷன் காலி மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உங்க மாலுமி செத்ததுக்குக் கோவமா? வேற ஆளு எடுத்துக்கலாம்."

"அது இல்ல."

"அப்ப நிலோபரா? அவ அப்படித்தான். நீங்க முந்திக்கணும். வாய் இருக்குல்ல?"

"நான் சொல்ல வந்தது..."

"கதவ ஒடைக்கிறேன்னுதானே?"

என்னைப் பார்த்தார். "ம்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற 'ம்'. அதற்கு 'ஆமாம்' என்று அர்த்தமில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. எதிரில் உட்கார்ந்தேன். நாக்கு அரித்தது, கால் தானாக ஆடியது. கடைக்காரப் பையன் என்ன வேண்டும் என்று கேட்டதற்குக்கூடக் கையைத்தான் ஆட்டினேன்.

"நான் உள்ள போகமாட்டேன்னு சொல்ல வந்தேன்" என்றார் ஹேமா.

ஏன் என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழம... வேலையில பம்ப் ரூம்ல தீ. என்கூட வேலை செய்யற கனகராஜ் உள்ள இருந்தான். நான்தான் கதவுகிட்ட நின்னேன்." கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "ஓடிட்டேன் ரூபி. வேற ஆளுங்கதான் போய்த் தூக்குனாங்க. அவனுக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு."

வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடாமல் படுத்தார். வெயில்தான் காரணம் என்று நானே சொல்லி, நானே மோர் கலக்கிக் கொடுத்திருந்தேன்.

நல்ல வேளை, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். உங்கள் மேல் தப்பில்லை. எல்லாம் என் வாயில் தயாராக நின்றன. ஒன்றையும் விடவில்லை. அவர் தொண்டையைச் செருமினார், அடுத்த சொல்லுக்கு வாய் திறந்தார்.

"அக்கா!" படிக்கட்டு உச்சியிலிருந்து அக்பர் கத்தினான். "சூப்பரா ஓடுது! அச்சுக்குக் குடுத்துரவா?"

ஹேமா வாயை மூடிக்கொண்டார்.

"குடுக்காத அக்பர்" என்றேன். "மேலயே இரு. அவரு இன்னும் சொல்லி முடிக்கல."