பன்னிரண்டு வினாடி முகம்

ஐந்தாவது முறையும் கம்ப்யூட்டர் திரையில் முஅத்தஸின் தோள் லேசாகத் திரும்ப ஆரம்பித்தது. அத்தோடு படம் பட்டென்று மறைந்து வெறும் நீலத் திரை நின்றது. மாஹிதாப் மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். புருஷன் செத்து இன்றோடு முப்பத்தொன்பது நாள். பிடரியைக் காட்டுகிறான், தோளைக் காட்டுகிறான், முகத்தை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறான். பாவி மனுஷன், உயிரோடு இருந்தபோதும் கோபம் வந்தால் இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான்.

அது அவனுடைய கடைசி வேலை. அலெக்ஸாந்திரியாவில் அனிமேஷன் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் இருந்தான். தன் முகத்தையே அளந்து, சுருக்கம் சுருக்கமாகக் கம்ப்யூட்டருக்குள் வார்த்து, அதைப் பேசவும் வைத்திருந்தான். "பன்னெண்டு செகண்டுதான். வெள்ளிக்கிழமை காட்டுறேன். குரல் இன்னும் சேக்கல, நீ உதட்டப் பாத்தே கண்டுபிடிக்கணும்" என்று சிரித்தான். வியாழக்கிழமை டிராமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். நாளை நாற்பதாம் நாள். ஓத வருகிறவர்கள் போன கையோடு ஸ்டூடியோ ஆள் இந்தக் கம்ப்யூட்டரை எடுத்துப்போக வருகிறான். அங்கே உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள். ஃபைலை நகலெடுத்து வைத்தும் பிரயோசனமில்லை, ஸ்டூடியோவின் சொந்த மென்பொருள் இல்லாமல் அது திறக்காது. அவன் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்பது இன்றைக்குத் தெரிந்தால்தான் உண்டு.

தப்பு யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. துக்கம் முடியும்வரை வீட்டில் டிவி கூடாது, பாட்டுக் கூடாது, எந்தத் திரையும் எரியக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். முஅத்தஸின் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸோ தினம் தீனி கேட்கிற ரகம். காலைக் காபியோடு உட்கார்ந்து, அன்றைக்கு வந்த புதுப்பிப்புகளுக்குச் சரி என்று தட்டுவான். மாமியார் நாளைய சாப்பாட்டுக்குக் கறி வாங்க வெளியே போன நேரம் பார்த்து இன்று சாயங்காலம் மாஹிதாப் கம்ப்யூட்டரைத் திறந்தாள். இத்தனை நாளாக வந்ததெல்லாம் மலையாகக் குவிந்திருந்தது. சர்க்கரையில்லாத துக்கக் காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் செய்கிற மாதிரியே எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டினாள். திரையில் படம் வரைய வைக்கிற கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் அவன் தொடாமல் ஒதுக்கி வைப்பான் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அதை, அவள் போன் போட்டு வரவழைத்த இஹாப் வந்துதான் சொன்னான். முஅத்தஸோடு சேர்ந்து லினக்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்தவன். வாய்க்குப் பூட்டு கிடையாது, மனசு தங்கம்.

"அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும் மதாம். கொஞ்சம் நகருங்க. ஐகானத் தட்டித் திறந்தா ஒண்ணும் தெரியாது. டெர்மினல்லேர்ந்து ஓட்டுனா, புரோகிராம் சாகும்போது கடைசியா என்ன சொல்லிச்சுன்னு..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவால்ல. சொல்லு."

கறுப்புத் திரையில் எழுத்து ஓடி நின்றது. அவன் கடைசி வரிகளை விரலால் தடவிப் படித்தான். பிறகு ஸ்டூடியோவின் மாதிரி உருவங்களில் ஒரு டீ கெட்டிலைத் திறந்து, அதன்மேல் வெளிச்சத்தைப் போட்டான். கெட்டிலும் பட்டென்று மறைந்தது.

"பாத்தீங்களா? கெட்டிலுக்கும் இதே கதிதான். அப்ப நம்ம ஆள் மேல தப்பில்ல, ஃபைல் கல்லு மாதிரி இருக்கு. புது டிரைவர் இந்தப் பழைய கிராபிக்ஸ் அட்டையக் கைகழுவிடுச்சு. திரும்பும்போது முகத்துல வெளிச்சம் படுதில்ல, அந்தக் கணக்கப் போடத் தெரியாம விழுந்துடுது."

"அப்ப அவரு காட்ட மாட்டேன்னு..."

"யாரு, முஅத்தஸா? மூஞ்சியக் காட்டறதுக்குன்னே பொறந்தவன் மதாம் அவன்!"

மாஹிதாப் சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடேயே அழுகையும் வந்தது. இஹாப் தலையைக் குனிந்துகொண்டு தட்டினான். அட்டையை விட்டுவிட்டு ப்ராஸஸரையே வரையச் சொல்வதாகவும், ஆமை வேகம்தான் என்றாலும் விழாது என்றும் சொன்னான். முழுசாக வருகிறதா என்று பார்க்க மட்டும்.

விசிறி உறுமியது. படம் துண்டு துண்டாக நிரம்பியது. பிடரி. ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு மூணு நிமிஷம். தோள் அசைந்தது. படம் விழவில்லை. காது வந்தது, சவரம் பண்ணாத தாடை வந்தது. அறையில் வேறு யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. பயமாக இருந்தது, ஆனால் எழுந்துபோக மனசில்லை.

இஹாப் துள்ளினான். "அட படுபாவி, பழைய டிரைவர இதுக்குள்ளயே பத்திரமா வெச்சிருக்கான்! அரைமணி நேரம் கொடுங்க மதாம், அதத் திரும்பப் போட்டுடறேன். சரசரன்னு ஓடும். வீடியோவாவே எடுத்துத் தரேன், நூறு தடவ பாக்கலாம்."

"இப்படியே விட்டா எப்ப முடியும்?"

"இப்படியேவா? விடிஞ்சிரும்!"

"விடியட்டும். டிரைவரக் காலைல வந்து போடு."

"மதாம், பன்னெண்டே செகண்டு..."

"அதான். நூறு தடவ பாக்கலாம், சரி. மொதத் தடவ ஒண்ணுதான இஹாப்? அவரு எங்கிட்ட இனிமே புதுசா சொல்றதுக்கு இது மட்டும்தான் இருக்கு. அதப் பன்னெண்டு செகண்டுல முடிச்சிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

இஹாப் கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டு எழுந்தான். காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

வெளியில் கதவு திறக்கும் ஓசை கேட்டது. மாமியார் கறிப்பையோடு வந்து வாசற்படியில் நின்றாள். எரிகிற திரையைப் பார்த்தாள், திட்ட வாயைத் திறந்தாள். திரையில் அவள் மகனின் கன்னம் பாதிக்கு மேல் திரும்பியிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணோரம் வந்தது. மூக்கு வந்தது. உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த படத்தில் அவை ஒரு மயிரிழை விலகியிருந்தன.